இளமதிக்கு ஒரு அயர்லாந்து கவுன்

மாகறல் செவ்வந்தி பயந்த சுபாவக்காரி என்பது ஊருக்கே தெரியும். உத்திரமேரூர் நெல் மில்லில் பன்னிரண்டு வருஷமாக வேலை செய்கிறாள். இன்றைக்கும் மேஸ்திரி பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கையிலிருக்கும் முறத்தைக் கீழே போட்டுவிடுவாள். இறங்க வேண்டிய இடத்தில் பஸ் நிற்காமல் போனால் குரல் கொடுக்க மாட்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் திரும்பி நடப்பாள். புருஷன் சாம்சன் நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறவன். தை பிறந்தால் தஞ்சாவூர்ப் பக்கம் போய்விடுவான். திரும்பி வர மாசி முடிந்துவிடும். அந்த நாட்களில் செவ்வந்தி பொழுது சாய்வதற்குள் கதவைத் தாழ் போட்டு, கதவோரம் அரிசி மூட்டையையும் இழுத்து வைத்துவிடுவாள்.

ஒரே மகள் இளமதி. பதினாலு வயது, உத்திரமேரூரில் ஒன்பதாம் வகுப்பு. அம்மாவுக்கு நேர் எதிர். வாய் ஓயாது, கால் அதைவிட ஓயாது. சோற்றுக்கு உட்கார்ந்தாலும் தரையில் கட்டைவிரல் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

அந்த வருஷம் செங்கல்பட்டில் ஒரு அறக்கட்டளைக்காரர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடனப் போட்டி வைத்தார்கள். ஒவ்வொரு பள்ளியும் ஒரு வெளிநாட்டு ஆட்டம் ஆட வேண்டும். எந்த நாடு என்பதைச் சீட்டு குலுக்கித் தருவார்கள். பி.டி. டீச்சர் தேவகி எடுத்த சீட்டில் அயர்லாந்து என்று வந்தது. டீச்சருக்கே அந்த நாடு எங்கே இருக்கிறதென்று உலகப் படத்தில் தேட வேண்டியிருந்தது. செல்போனில் வீடியோ பார்த்தபோது பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ஆடுகிற பெண் இடுப்புக்கு மேலே கம்பம் நட்டது போல நிற்கிறாள். கை இரண்டும் தொடையோடு ஒட்டியிருக்கின்றன. கால்கள் மட்டும் தையல் மிஷின் ஊசி மாதிரி ஏறி இறங்குகின்றன. மற்ற பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தபோதே இளமதி எழுந்து நின்று முதல் நாலு அடியைப் போட்டுக் காட்டினாள். அப்போதே முடிவாகிவிட்டது, ஆடப்போவது அவள்தான்.

ஐம்பது மதிப்பெண்ணில் உடுப்புக்குப் பத்து. "அந்த ஊரு டிரெஸ் மாதிரியே இருக்கணும். காஞ்சிபுரத்துல வாடகைக்குக் கிடைக்கும். சனிக்கிழமை நானும் வரேன்" என்று தேவகி டீச்சர் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலையில் அவர் குழந்தைக்குக் காய்ச்சல். ஒரு படத்தையும் கடைக்குப் போகும் வழியையும் போனில் அனுப்பிவிட்டு, "நீங்களே போய் எடுத்துடுங்கம்மா" என்றார்.

டவுன் கடையில் பேரம் பேசுவது செவ்வந்திக்கு ஆகாத வேலை. இளமதிதான் இழுத்துக்கொண்டு போனாள்.

கடை ஒரு செருப்புக் கடைக்கு மேலே, மாடியில். ஆண்டு விழாவுக்கும் மாறுவேடப் போட்டிக்கும் உடுப்பு வாடகைக்கு விடுகிற இடம். படியேறும் சுவர் நெடுக, கிருஷ்ணராகவும் பாரத மாதாவாகவும் போலீஸாகவும் வேஷம் போட்ட குழந்தைகளின் போட்டோக்கள். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் விபூதி, மூக்குக் கண்ணாடி, மெல்லிய குரல்.

"வாம்மா, வா பாப்பா. அயர்லாந்தா? கீதும்மா, மூணு கவுன் கீது. போட்டுப் பாத்தே எடுத்துக்கோ. ரூம் அதோ."

செவ்வந்திக்கு மூச்சு வந்தது. நல்ல மனுஷன் என்று நினைத்தாள்.

முதல் கவுன் பச்சை வெல்வெட்டு, மார்பெல்லாம் ஜரிகை. இளமதி அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து ஒரு தரம் குதித்தாள். தோள்பட்டையில் தையல் பிரிகிற சத்தம் கேட்டது.

"எம்மா, இது கவுனா, சாக்கு மூட்டையா? இத போட்டுக்கினு ஆடுனா மூணு நிமிஷத்துல செத்துடுவேன்."

இரண்டாவது கறுப்பு வலைத்துணி, கணுக்காலைத் தொடும் நீளம். செவ்வந்திக்கு அது பிடித்திருந்தது. உடம்பை முழுசாக மூடியிருந்தது.

"இதையே எடுத்துக்கலாம்டீ."

"காலே தெரியலன்னா ஜட்ஜுங்க இன்னாத்த பாப்பாங்க? இந்த ஆட்டமே காலுதாம்மா."

மூன்றாவது நீலம். முழங்கால் வரை பாவாடை, நீளக் கை. அதை எடுத்துக்கொண்டு உள்ளே போன இளமதி, "எம்மா, முதுகுல ஜிப்பு எட்டல, உள்ள வா" என்று கூப்பிட்டாள்.

உடை மாற்றும் இடம் பிளைவுட் அடித்த ஒரு மூலை. ஒரு கண்ணாடி, அதற்கு எதிரே மேலே பலகையில் சவுரி முடி, கிரீடம், அட்டைப்பெட்டிகள். செவ்வந்தி மகளின் முதுகுப் பக்கம் நின்று ஜிப்பை ஏற்றிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்த அட்டைப்பெட்டி ஒன்று 'ர்ர்ர்' என்று உறுமியது.

எலி என்றுதான் நினைத்தாள். எலி அப்படி உறுமாது. நிறுத்தி, மறுபடி அதே அளவுக்கு உறுமியது. மூலையில் கிடந்த ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்த்தாள். பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை. மூடாத பெட்டிக்குள், ஓட்டைக்குப் பின்னால் ஒரு செல்போன். அதன் திரையில் கீழேயிருக்கும் கண்ணாடி தெரிந்தது, தரை தெரிந்தது, நீல கவுனில் அவள் மகள் தெரிந்தாள். திரையின் மேல் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, பக்கத்தில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. இருபத்து மூன்று நிமிஷம், சில நொடி.

இளமதி ஏற்கெனவே இரண்டு கவுன் மாற்றியிருந்தாள்.

ஏசப்பா, ஏசப்பா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே செவ்வந்தி கையை நீட்டினாள். போன் சூடாக இருந்தது. அதை எப்படி நிறுத்துவதென்று அவளுக்குத் தெரியவில்லை. குப்புறக் கவிழ்த்துத் தன் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"இன்னாம்மா அது? யார் போனு?"

"உன் துணியப் போடு."

"எம்மா..."

"பேசாத. போடு."

முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, அதற்குள் மகளை உடை மாற்ற வைத்தாள். போன் பைக்குள் போய்விட்டது என்று தெரிந்தும் பிடித்துக்கொண்டு நின்றாள். இளமதி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு மேலே அட்டைப்பெட்டியின் ஓட்டையைப் பார்த்தாள். அவசரமாகச் சுடிதாரை மாட்டிக்கொண்டாள்.

வெளியே வந்தார்கள். கடைக்காரர் சிரித்தார். "இன்னாம்மா, புளூ சரியா கீதா?"

"சரியா... இல்லீங்க. டீச்சரைக் கேட்டுக்கினு வரோம்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பார்வை அறைப் பக்கம் திரும்பியது. செவ்வந்தி மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். ஓடினால் தெரிந்துவிடும், நடந்தால் பிடித்துவிடுவான். கடைசிப் படியில் கால் வைத்தபோது மேலே பெட்டி ஒன்று தரையில் விழும் சத்தம் கேட்டது.

"ஏய்! புடிங்க அவள! போனைத் திருடிக்கினு போறா!"

தெருவில் அந்தச் சொல் போதும். செருப்புக் கடையிலிருந்தவர்கள் வாசலுக்கு வந்தார்கள். இரண்டு பேர் வண்டியை நிறுத்தினார்கள். செவ்வந்தியின் சாயம் போன புடவையையும் ரப்பர் செருப்பையும் ஒரு பார்வை பார்த்ததும் எல்லோருக்கும் பாதி நியாயம் விளங்கிவிட்டது.

"பையத் தொறம்மா" என்றார் ஒருவர்.

பை அந்த நேரம் பார்த்து உறுமியது.

"கேட்டுச்சா? என் போனு!" என்றான் கடைக்காரன், மூச்சிரைத்துக்கொண்டு.

திறந்து காட்டினால் அவள் திருடி இல்லை என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் அதைக் காட்டினால் தெருவில் நிற்கிற இத்தனை ஆம்பிளைகளும் இளமதியைப் பார்ப்பார்கள். செவ்வந்தி பையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். திருடி என்று சொல்லட்டும் என்று நினைத்தாள். திருடி என்ற பழி அவளோடு போகும்.

"போனு என்கிட்டதான் கீது" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "போனு என்கிட்டதான் கீது. தர மாட்டேன்."

"பாத்தீங்களா, வாயாலயே ஒத்துக்கினா!"

"போலீஸைக் கூப்புடு. நான் இங்கியே நிக்கறேன். நீ கூப்புடு."

கடைக்காரனின் முகம் மாறியது. குரல் மறுபடி மெல்லியதாகிவிட்டது. "போலீஸெல்லாம் இன்னாத்துக்கும்மா? நீயும் பொம்பளப் புள்ள வெச்சிக்கினு கீற. போனைக் குடு, போய்க்கினே இரு. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

செருப்புக் கடை ஓரத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த சொக்கம்மாள் என்ற பூக்காரி நூலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். பருத்த உடம்பு, கணீரென்ற குரல்.

"இன்னாய்யா கூத்து இது? பறிகொடுத்தவன் போலீஸ் வாணாங்கறான், எடுத்தவ வோணுங்கறா." இளமதியின் முகத்தைப் பார்த்தாள். செவ்வந்தியின் காதருகே குனிந்து, "துணி மாத்தற எடத்துலயா?" என்றாள்.

செவ்வந்தி தலையை மட்டும் அசைத்தாள்.

அதைப் பார்த்துவிட்ட கடைக்காரன் பாய்ந்து பையின் வாரைப் பிடித்து இழுத்தான். செவ்வந்தி விடவில்லை. வார் அறுந்தது. அவன் இன்னொரு கையை நீட்டியபோது இளமதி காலைத் தூக்கி, பள்ளிக்கூட ஷூவின் குதிகாலை அவன் வெறும் பாதத்தின் மேல் இறக்கினாள். தினம் இரண்டு மணி நேரம் சிமெண்டுத் தரையில் அடித்துப் பழகிய கால். அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"நட, நட" என்று சொக்கம்மாள் இருவரையும் முன்னால் தள்ளிக்கொண்டு போனாள். பூக்கூடையை அப்படியே விட்டுவிட்டு, மகளிர் காவல் நிலையத்து வாசல் வரைக்கும் வந்தாள். வழி முழுக்கப் பைக்குள் போன் அடித்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தடவையும் செவ்வந்தி பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

காவல் நிலையத்துக்குள் அவள் அதுவரை கால் வைத்ததில்லை. பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். எஸ்.ஐ. கனகா என்பவர் போனை வாங்கிக்கொண்டு, இன்னொரு பெண் போலீஸைக் கூட அழைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். பத்து நிமிஷம் கழித்து வந்தபோது அவர் முகம் கல்லாகியிருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரை இளமதியின் கையில் கொடுத்துவிட்டுச் செவ்வந்திக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இதுல உங்க பொண்ணு மட்டும் இல்லம்மா. நெறைய புள்ளைங்க இருக்கு. சின்னச் சின்னப் புள்ளைங்க. போன ஆண்டு விழா சீசன்ல இருந்து இருக்கு."

"அழிச்சிடுங்க மேடம்" என்றாள் செவ்வந்தி. "அழிச்சிடுங்க. நாங்க பஸ்ஸப் புடிச்சிப் போயிடறோம். எங்க வூட்டுக்காரு ஊர்ல இல்ல. கேஸெல்லாம் வாணாம் மேடம்."

"அழிச்சா அவன் ராத்திரி வூட்டுல போய் சாப்ட்டுத் தூங்குவான். திங்கக்கிழமை கடையத் தொறப்பான். புள்ள பேரு எங்கயும் வெளிய வராதும்மா. சட்டத்துலயே அப்படித்தான். நீங்க எழுதிக் குடுத்தாதான் நான் இன்னிக்கே அவனைத் தூக்க முடியும்."

செவ்வந்திக்கு இளமதியின் வயதிருக்கும்போது நடந்த ஒன்று இருக்கிறது. அதைச் சாம்சனிடம்கூட அவள் சொன்னதில்லை. களை எடுத்துவிட்டுப் பம்புசெட்டில் குளித்துக்கொண்டிருந்தாள். மோட்டார் அறை ஜன்னலில் ஒரு முகம் இருந்தது. நிலத்துக்காரர் வீட்டு மருமகன். ஓடிவந்து அம்மாவிடம் சொன்னாள். அம்மா செல்லம்மாள் பாதி கேட்கும்போதே மகளின் வாயைப் பொத்தினாள். "வெளிய வுடாத. சொன்னா நமக்குத்தான் அசிங்கம், நாளைக்கு வேலையும் குடுக்க மாட்டாங்க." மறுநாளிலிருந்து செவ்வந்தி பள்ளிக்கூடம் போகவில்லை. அந்த ஆள் அதே வரப்பில் நடந்து போய்க்கொண்டுதான் இருந்தான். ஒவ்வொரு முறையும் அவனைக் கண்டு ஒதுங்கி நின்றவள் இவள்தான்.

"என்னைய எடுத்துட்டானா மேடம்?" என்று இளமதி கேட்டாள். காலையிலிருந்து அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "நான் சொல்றேன் மேடம், எழுதிக்கோங்க. மொதல்ல பச்சைக் கவுனு..."

செவ்வந்தியின் கை தானாக எழுந்து மகளின் வாயைப் பொத்தியது.

பொத்திய பிறகுதான் அதைப் பார்த்தாள். நெல் உமி ஏறிக் காய்ப்புக் காய்த்த கை. அதற்கு மேலே அகல விரிந்த இரண்டு கண்கள். நெருப்பைத் தொட்டவள் போலக் கையை எடுத்தாள்.

"சொல்லு" என்றாள். "எல்லாத்தையும் சொல்லு. எழுதுங்க மேடம். நான் கையெழுத்துப் போடறேன்."

அன்றைக்கே அவனைப் பிடித்துவிட்டார்கள். கடைக்குச் சீல் வைத்தார்கள். ஆனால் செவ்வந்தியின் பயம் அதோடு தீரவில்லை. மாகறலுக்குத் திரும்பிய பிறகுதான் அது முழு உருவத்தோடு வந்தது. அந்த வீடியோ இன்னும் யார் போனுக்கெல்லாம் போயிருக்கும்? ஊர்ப் பையன்கள் கூடி நின்று போனைப் பார்த்துச் சிரித்தால் அவளுக்கு மூச்சு நின்றுவிடும். மில்லில் யாராவது அவளைக் கொஞ்சம் அதிகமாகப் பார்த்தாலும் தெரிந்துவிட்டதோ என்று நினைப்பாள். சோறு இறங்கவில்லை. இளமதி ஒரு வாரம் ஆடவே இல்லை. சோற்றுக்கு உட்கார்ந்தால் கட்டைவிரல் அசையாமல் கிடந்தது. குளிக்கப் போனால் ஓலைத் தடுப்பில் இருக்கும் ஒவ்வொரு ஓட்டையிலும் துணிக் கிழிசலைத் திணித்துவிட்டுத்தான் குளித்தாள்.

சாம்சனுக்குப் போன் பண்ணிச் சொல்வதற்கு இரண்டு நாள் ஆயிற்று. மிஷின் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான். செவ்வந்தி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"யோவ், இருக்கியா? என்னைத் திட்டு. நாந்தான் இட்டுக்கினு போனேன்."

"உன்னை இன்னாத்துக்குத் திட்டப் போறேன்" என்றான். "எனக்குக் கை நடுங்குது செவ்வந்தி. கியரைப் புடிக்க முடியல. நான் கெளம்பி வரேன்."

"வந்து அவனை எதுனா பண்ணிட்டு நீயும் உள்ள போயிடாதய்யா."

"பண்ண மாட்டேன். பாப்பா கூட உக்காந்துக்கினு இருக்கறதுக்குத்தான் வரேன்."

அவன் வந்து சேர்வதற்கு முந்தின நாள், மில் விட்டு வந்த செவ்வந்தியின் வீட்டு வாசலில் ஒரு பைக் நின்றது. கடைக்காரனின் மச்சான் சுப்பிரமணி என்று சொல்லிக்கொண்டார் வந்தவர். கையில் பழம், ஒரு கவர்.

"அக்கா, நான் சண்டைக்கு வரல. அவருக்கும் பொண்ணு கீது. கேஸ் நடந்தா கோர்ட்டுல உங்க பாப்பாவ நிக்க வெச்சி இன்னா இன்னாவோ கேப்பாங்க. பேரு கெட்டுப்புடும். நாளைக்குக் கட்டிக் குடுக்கணுமா வேணாமா? யோசிங்க."

அவர் சொன்ன ஒவ்வொன்றையும் செவ்வந்தியே ராத்திரி பகலாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தைகளை இன்னொருத்தர் வாயிலிருந்து கேட்டபோது வித்தியாசமாக இருந்தது. இது தன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லப்படுகிற வார்த்தை இல்லை, அவனைக் காப்பாற்றுவதற்கு. பம்புசெட்டு ஆளையும் இதே வார்த்தைதான் காப்பாற்றியிருக்கிறது.

"பேரு கெட்டது அவனுக்கு" என்றாள். "கவரை எடுத்துக்கினு போங்க. நான் எஸ்.ஐ. அம்மாவுக்குப் போன் பண்ணப் போறேன்."

கதவைச் சாத்தி, முதுகை அதில் கொடுத்து உட்கார்ந்துவிட்டாள். பைக் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை எழுந்திருக்கவில்லை. ஆனால் போன் பண்ணினாள். அதற்கப்புறம் கடைக்காரன் தரப்பிலிருந்து யாரும் வரவில்லை.

சாம்சன் வந்தான். சொன்னபடியே, நாலு நாள் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அஞ்சாம் நாள் காலையில் இளமதி, "நைனா, போட்டிக்கு இன்னும் பன்னெண்டு நாளுதான் கீது" என்றாள்.

"ஆடறியா?"

"ஆடறேன். ஆனா கடைக்குப் போய் எதையும் போட்டுப் பாக்க மாட்டேன்."

பக்கத்துத் தெரு வளர்மதி பள்ளிக்கூட யூனிபாரம் தைக்கிறவள். தேவகி டீச்சர் அனுப்பிய படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "யூனிபாரத்துக்குத் தைக்கற கையில்லாத பினபோர் கவுனுதான் இது. கை வெச்சி, பாவாடையைக் கொஞ்சம் வெடைப்பா வுட்டா முடிஞ்சிது" என்றாள். உத்திரமேரூரில் துணி எடுத்தார்கள். இளமதி கடைக்குள் போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லித் தேர்ந்தெடுத்தாள். கரும்பச்சை. மார்பில் பின்னலுக்கு ஆரஞ்சு நூல்.

அளவு எடுக்கும் நாளில் நால்வருக்கும் நடுவே ஒரு சின்ன யுத்தம் நடந்தது. செவ்வந்தி, முழங்காலுக்கு ஒரு சாண் கீழே வேண்டும் என்றாள். படத்தில் முழங்காலுக்கு மேலே இருந்தது.

"எறக்கித் தை வளர்மதி. போதும் பட்டது."

"எம்மா, முட்டி மடங்கறது தெரியணும். மார்க்கே அதுக்குத்தான்."

"மார்க்கு ஒண்ணும் வாணாம்."

இளமதி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "அன்னிக்கு நான் போட்டுக்கினு போனது சுடிதாரு. கழுத்து வரைக்கும் துப்பட்டா. அதுக்கு அவன் வுட்டுட்டானா? டிரெஸ்ஸு இன்னாம்மா பண்ணும்?"

வளர்மதி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். சாம்சன் தரையைப் பார்த்தான். "உள்ள ஒரு அரை டிராயராவது தைச்சிக் குடு" என்றாள் செவ்வந்தி, வளர்மதியிடம். முழங்காலுக்கு மேலே நாலு விரல் என்று முடிவாயிற்று.

போட்டி நாள். செங்கல்பட்டில் ஒரு பெரிய பள்ளிக்கூடம். பெண் பிள்ளைகள் உடை மாற்ற ஒரு வகுப்பறையை ஒதுக்கியிருந்தார்கள். செவ்வந்தி முதலில் உள்ளே போனாள். பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள், மூலையில் கிடந்த அட்டைப்பெட்டிகளைத் தூக்கி வெளியே வைத்தாள், ஜன்னல் கதவுகளைக் கொக்கி போட்டு இடுக்கில் செய்தித்தாளைச் செருகினாள். ஜப்பான் கிமோனோ மாதிரி எதையோ வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணின் அம்மா, "எதனா காணாம பூட்டுச்சாங்க?" என்று கேட்டாள்.

செவ்வந்தி ஒரு நொடி தயங்கினாள். "இல்லீங்க. போனு எதுனா வெச்சிருக்கானுங்களான்னு பாக்கறேன். இப்பல்லாம் வெக்கறானுங்க."

அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. அடுத்த நிமிஷம் அவளும் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் செய்தி மற்றத் தாய்மார்களுக்கும் பரவிவிட்டது. "நீங்க வாசல்ல நில்லுங்கக்கா, நாங்க உள்ள போய்ப் புள்ளைங்கள ரெடி பண்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். செவ்வந்தி வகுப்பறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். மைக்செட் ஆள் ஒருத்தன் ஒயரைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாக வந்தான். "இந்தப் பக்கம் வராதீங்க, சுத்திப் போங்க" என்றாள். அவன் சுற்றிப் போனான்.

இளமதியின் பெயரை அழைத்தபோது உள்ளே இன்னும் நாலு பெண்கள் உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். போ, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்ல அங்கே வேறு யாருமில்லை; மற்றத் தாய்மார்கள் தயாரான பிள்ளைகளோடு மேடைப் பக்கம் போய்விட்டிருந்தார்கள். சாம்சன் மேடைக்கு முன்னால் போய் நின்றிருப்பான். செவ்வந்தி நகரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மேடைப் பலகை அதிர ஆரம்பித்தது. முதலில் தயங்கித் தயங்கி, இரண்டு அடிக்கு ஒரு தரம் தவறுகிறாற்போல. செவ்வந்தி கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு அடி சேர்ந்தது. மழை பிடித்துத் தகரக் கூரையில் இறங்குகிற மாதிரி இடைவெளி இல்லாமல் இறங்கியது. அந்த மூன்று நிமிஷமும் அவள் கண்ணை மூடவில்லை. வராந்தாவில் யார் வருகிறார்கள் போகிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பரிசு கிடைத்தது. உடுப்புக்குப் பத்துக்கு ஆறுதான். பின்னல் நூலின் நிறம் சரியில்லை என்று நடுவர் ஒருவர் சொன்னாராம். வளர்மதிக்குக் கோபம், இன்னும் அதைப் பற்றிப் பேசுவாள்.

வழக்கு மெதுவாக நகர்கிறது. கடைக்காரன் ஜாமீனில் வந்துவிட்டான்; கடை திறக்கவில்லை. போனிலிருந்த மற்றப் பிள்ளைகளின் வீடுகளை எஸ்.ஐ. கனகா ஒவ்வொன்றாகத் தேடிப் போனார். மூன்று வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். இரண்டு தாய்மார்கள் எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஒருத்தி ராஜகுளத்துக்காரி; செவ்வந்தியின் நம்பரை வாங்கி, ஒரு நாள் ஒரு மணி நேரம் பேசினாள். பேசினாள் என்பதைவிட அழுதாள் என்பதுதான் சரி. செவ்வந்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆடி மாதம் செவ்வந்தியைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிற விசாரணை. நீதிபதி ஒரு பெண். எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தி, அவள் திருடத்தான் போனாள் என்று இரண்டு தரம் சொன்னார். கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த செவ்வந்தியின் விரல்கள் வெளுத்துப்போயின. இருந்தாலும் எத்தனை நிமிஷம் ஓடியிருந்தது, பெட்டி எங்கே இருந்தது, ஓட்டை எவ்வளவு பெரிது என்று கேட்டதற்கெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"பயப்படாம சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி.

"பயமாத்தாங்க கீது" என்றாள் செவ்வந்தி. "கேளுங்க, சொல்றேன்."

முடிந்து வெளியே வந்தபோது மணி பன்னிரண்டரை. சாம்சன் டீ வாங்கிக் கொடுத்தான். செவ்வந்தி அதைக் குடித்துவிட்டு, மதிய வேலைக்கு மில்லுக்குப் போய்ச் சேரலாம் என்று உத்திரமேரூர் பஸ் ஏறினாள்.